மூன்றாம் ஓலை

ஹாமே, யுலிதாலோ பண்ணை
3 அக்டோபர் 1943

அன்புள்ள வியெனோ அக்காவுக்கு,

உன் தங்கை ஒய்லி எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். நீ, அப்பா, உன் மகள் சின்னவள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமல் குறைந்ததா? போர்முனையிலிருந்து ஏமெலி அத்தான் எழுதினாரா?

நீங்கள் எதிரியிடமிருந்து மீட்ட நம் எல்லையோரக் கரேலியாவுக்குத் திரும்பிப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எரிந்துபோன நம் வீடு இருந்த இடத்திலேயே அப்பா புது வீடு கட்டுவதாக எழுதியிருந்தாய். உருளைக்கிழங்கு எடுத்து முடித்ததும் நானும் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. நான் வரவில்லை அக்கா.

இந்த வீட்டு மகன் தவ்னோ விடுப்பில் வந்திருந்தான். நாம் இந்தப் பண்ணையில் அகதிகளாக இருந்தபோது, மூன்று வருஷத்துக்கு முன் முதல் போர் முடிந்து வந்த கையோடு நம் பசுவுக்குத் தனியாகக் கொட்டில் அடித்துக் கொடுத்தானே, அவன்தான். இந்த ஹாமே ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா, காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம்தான் பதில் வரும். விடுப்பு முழுக்க என் பின்னாலேயே சுற்றினானே தவிர, வாயைத் திறக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் நான் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று துடைக்க ஆரம்பித்தான். ஹாமே ஆம்பிளை பால் கேன் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

"மேக்கால ரூம்ல அடுப்பு புகைஞ்சுது. சரி பண்ணிட்டேன்" என்றான்.

"யாருக்காம் அந்த ரூம்?"

"நமக்கு."

அவ்வளவுதான் அவன் பேசியது. நம் ஊர்ப் பையனாக இருந்தால் இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பான். சிரிக்காதே, நான் கேனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவன் அம்மா லோவீசாவுக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரியிடம், "அகதிப் பொண்ணு வேலைக்கு நல்லாத்தான் இருக்கா" என்றாள். 'வேலைக்கு' என்பதை அழுத்திச் சொன்னது என் காதில் விழட்டும் என்றுதான்.

நீதான் அப்பாவிடம் பேச வேண்டும். அவர் வாயால் சரி என்று சொல்லாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம். ஆனால் தவ்னோவை விட்டுவிட்டும் என்னால் இருக்க முடியாது. எப்படியாவது பேசு.

சின்னவளுக்கு முத்தங்கள்.
உன் ஒய்லி


கிவிலஹ்தி
31 அக்டோபர் 1943

அன்புத் தங்கை ஒய்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தான் எழுதினார், காலுறை கேட்டிருக்கிறார். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அப்பாவிடம் சொன்னேன். சுவருக்கு மரம் செதுக்கிக்கொண்டிருந்தார். கோடரியைக் கீழே வைத்துவிட்டு, "அவ வர்றான்னுதானே கிழக்கு ரூமைக் கட்டறேன்?" என்றார். மறுபடி கோடரியை எடுத்தவர், "நாலு வருஷம் பால் கறந்தா. அதுக்குக் கூலியா பொண்ணையும் சேத்துக் குடுக்கணுமா அவங்களுக்கு?" என்று கத்தினார்.

நாம் அங்கே போய் இறங்கிய முதல் நாளை அவர் மறக்கவில்லை. நமக்கு ஒரு வாய் சூடாகக் கொடுப்பதற்கு முன்னால் லோவீசா நம் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்த்தாளே, அப்பாவின் தலையைக் கூட. அந்த வீட்டுக்குச் சம்பந்தியாக எப்படிப் போவது என்று கேட்கிறார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்காதே. இங்கே நான் தனியாகக் கிடக்கிறேன், நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தவள் நான். இதற்கு மேல் எழுதினால் சண்டையாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வியெனோ


யுலிதாலோ
12 டிசம்பர் 1943

அன்புள்ள அக்கா,

அங்கே பனி ரொம்ப ஜாஸ்தியா? அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடு பின்னியதால் கழுத்து இறுக்கமாக இருக்கும்.

பேன் பார்த்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் தவ்னோ அன்றைக்கு ஊரிலேயே இல்லை. தாய் செய்ததற்கு மகன் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம் என்று கேட்டுச் சொல்.

ஊருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளலாமே என்று இங்கே ஒருத்தி யோசனை சொன்னாள். அது எப்படி முடியும்? பெண்ணின் சொந்தச் சபையில்தானே மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும்? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். எழுந்து நின்று, எனக்குத் தடை உண்டு என்று சொல்லவும் சொல்வார், நம் அப்பாதானே.

போர்முனையிலிருந்து தவ்னோ எழுதினான். கடிதத்தில் வானிலை, குதிரைக்கு வந்த காய்ச்சல், கடைசியில் "அடுப்பு எப்படி எரியுது?" இவ்வளவுதான். அந்த அறையில் அடுப்பு எரியவில்லை. லோவீசா அதைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

பதில் போடு அக்கா. திட்டியாவது எழுது.
ஒய்லி


கிவிலஹ்தி
19 மார்ச் 1944

என் ஒய்லிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அப்பா முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. கம்பளிச் சட்டை கழுத்து சரியாகவே இருக்கிறது, தினமும் போட்டுக்கொள்கிறார்.

நீ பொல்லாதவள். எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல், ஓலை வாசிக்கச் சொல்லி அந்த ஊர்ப் பாதிரியார் வழியாகவே நம் பாதிரியாருக்கு எழுதிப் போட்டுவிட்டாயே. அதனால் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

இந்தப் போரில் பாதிரியார் நடந்து வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். யார் வீட்டு ஆளாவது போரில் இறந்திருந்தால் அவர்தானே நேரில் வந்து சொல்லுகிறார். அவர் தலை சாலையில் தெரிந்ததும் பெண்கள் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, யார் வாசலுக்குத் திரும்புகிறார் என்று பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை அவர் நம் வாசலுக்குத் திரும்பினார்.

நான் ஓடிப் போய்க் கதவைத் தாழ் போட்டேன்.

"வியெனோ, கதவைத் தொறம்மா" என்றார்.

"மாட்டேன். போயிடுங்க. நீங்க சொல்லலேன்னா அது நடக்கலே!"

"அட, கேளும்மா..."

"சொல்லாதீங்க! என் புருஷனுக்கு ஒண்ணும் ஆகலே! போங்க!" காதைப் பொத்திக்கொண்டு அலறினேன். சின்னவளும் சேர்ந்து அலறினாள்.

மனுஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவு இடுக்கில் வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "ஏமெலிக்கு ஒண்ணும் இல்லேம்மா! கல்யாணம்! ஒய்லிக்குக் கல்யாணம்! ஓலை விஷயமா வந்தேன்!"

தெருவே கேட்டது. மேலே பலகை அடித்துக்கொண்டிருந்த அப்பாவும் கேட்டார். ஏணியில் இறங்கி வந்து, "ஏங்க ஐயா, கல்யாணச் சேதியைக்கூட கதவு இடுக்குல கத்திச் சொல்ற காலமாயிடுச்சா?" என்று கேட்டார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமி இருமி, கடைசியில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் சொன்னார்: "வாசிங்க. இந்த ஊர்ல ஒரு வாசலுக்காவது நீங்க நல்ல சேதியோட வந்தீங்க, அதை நான் எதுக்குத் திருப்பி அனுப்பணும்? ஆனா கல்யாணம் என் வீட்டுல. நான் கட்டின வீட்டுல."

ஜூன் கடைசியில், நடுக்கோடைத் திருநாளன்று. தவ்னோவுக்கு விடுப்புக் கேட்கச் சொல்.

சந்தோஷமாக இரு.
வியெனோ


யுலிதாலோ
16 ஏப்ரல் 1944

என் தங்கமான அக்கா,

நான் சுகம், சுகம், சுகம். அப்பாவின் கையைப் பிடித்து என் சார்பில் ஒரு முத்தம் கொடு. திட்டினாலும் பரவாயில்லை.

உன் கடிதத்தைக் கொட்டிலில் வைத்துப் படித்தேன். நீ கதவைத் தாழ் போட்டதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். உன்னை அப்படிப் பயமுறுத்தியதற்கு என்னை மன்னித்துவிடு.

தவ்னோவுக்கு விடுப்பு உண்டு என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். லோவீசாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவே இல்லை. மறுநாள் காலையில் எதிரே வந்து நின்று, "ஓலையில பேரு வாசிக்கும்போது பண்ணை பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லு. வெறும் தவ்னோன்னா எந்த தவ்னோன்னு எவனுக்குத் தெரியும்" என்றாள். அறையின் சாவி அன்று முதல் கதவிலேயே இருக்கிறது. ஹாமே பாஷையில் இதற்கு ஆசீர்வாதம் என்று பெயர்.

உன் ஒய்லி


கிவிலஹ்தி
5 ஜூன் 1944

அன்புள்ள கல்யாணப் பெண்ணுக்கு,

எல்லோரும் நலம். நீ தூங்குகிறாயா, இல்லை கனவிலேயே இருக்கிறாயா?

முதல் ஓலை போன ஞாயிறு, இரண்டாம் ஓலை நேற்று. கோயில்தான் எரிந்துவிட்டதே, பள்ளிக்கூடத்தில்தான் ஆராதனை. அப்பா முகம் மழித்து, முன் பெஞ்சில் உட்கார்ந்தார். 'யுலிதாலோ பண்ணை தவ்னோவுக்கும், கிவிலஹ்தி ஒய்லிக்கும்' என்று வாசித்ததும் திரும்பி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார், எவனாவது தடை சொல்லட்டும் பார்க்கலாம் என்கிற மாதிரி. வெளியே வந்தபின் எல்லோரும் கை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஒரு ஜன்னலைத் தவிர எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டாகிவிட்டது. அரிசிக்கஞ்சி வைத்துச் சுடுகிற நம் ஊர் அப்பத்துக்காக அரிசிக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. நீ அடுத்த வாரமே ரயில் ஏறி வந்துவிடு.

தெற்கே பீரங்கிச் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. பழகிவிட்டது.

வியெனோ


யுலிதாலோ
20 ஜூன் 1944

அக்கா,

எங்கே இருக்கிறீர்கள்? ரயிலில் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், அந்தப் பக்கம் ராணுவம் மட்டும்தான் போகிறதாம். எதிரி கையில் போன ஊர்களின் பெயரை ரேடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். இந்தக் கடிதம் எந்த வாசலுக்குப் போய்ச் சேரும் என்று தெரியாமல் எழுதுகிறேன். தவ்னோவிடமிருந்தும் கடிதம் இல்லை.

உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்.
ஒய்லி


அலாயோகி
14 ஜூலை 1944

அன்பு ஒய்லிக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீ பயந்துபோயிருப்பாய், விலாசம் என்று ஒன்று கிடைத்த பிறகுதான் எழுத முடிந்தது.

மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறன்று காலையில் உத்தரவு வந்தது, கிளம்பு என்று. அப்பா புது வீட்டின் தரையைப் பெருக்கினார். "எதுக்குப்பா?" என்றேன். "வர்றவன் நம்மளை அழுக்குப் பிடிச்சவங்கன்னு நினைக்கக் கூடாது" என்றார். பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தோம், பிறகு சாமான் ரயிலில் மழையோடு மழையாக. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டுவிட்டது. இந்த மேற்குக் கரை ஊரில் ஒரு பண்ணையில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் முதலில் தலையைத்தான் பார்த்தார்கள்.

அவர் இப்போது வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஓலையைப் பற்றித்தான் பேச்சு. "ரெண்டு வாசிச்சாச்சு, ஒண்ணுதான் பாக்கி. அது மட்டுமாவது ஒழுங்கா முடியணும்." நம் பாதிரியாரும் அகதியாகப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். சிதறிப்போன சபையைக் கூட்டுவேன் என்கிறார்.

தவ்னோ எங்கே? கல்யாணம் எப்போது? அப்பா தினமும் கேட்கிறார்.

வியெனோ


யுலிதாலோ
2 ஆகஸ்ட் 1944

அன்புள்ள அக்கா,

நீங்கள் பிழைத்து வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி. அப்பாவுக்குச் சூடான பால் கொடு.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி.

தவ்னோ இறந்துவிட்டான். ஜூலை ஆரம்பத்தில், காட்டில், குண்டுச் சிதறல் பட்டு. உன் கடிதம் வந்தபோது எனக்குத் தெரிந்திருந்தது, எழுத முடியவில்லை.

நான் பால் கறந்துகொண்டிருந்தேன். லோவீசா கொட்டிலுக்கு வந்தாள். அந்த வேளையில் அவள் வருவதே கிடையாது. என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு. நான் கறக்கறேன்" என்றாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி மாடு வரைக்கும் அவளே கறந்து முடித்தாள். பாதிரியார் சமையலறையில் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓலைக்கு எழுதிக் கொடுத்தவர்தான், ஆனாலும் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் மேல் தப்பில்லை, நான் சட்டப்படி யாரும் இல்லையே.

அவனைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் பக்கத்தில் வீரர்களுக்கான வரிசையில் அடக்கம் செய்தோம். பேர், பதவி, படைப்பிரிவு எல்லாம் வாசித்தார்கள். துக்கப்படுகிறவர்கள் தாய், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை என்று வாசித்தார்கள். நான் பண்ணை ஆட்களோடு நின்றேன்.

அப்பாவிடம் சொல்லாதே அக்கா. அவர் நெஞ்சு கொஞ்சம் தேறட்டும்.

ஒய்லி


அலாயோகி
24 செப்டம்பர் 1944

என் கண்ணே ஒய்லி,

என்ன எழுதுவது என்று தெரியாமலேயே இத்தனை வாரம் போய்விட்டது. உன் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று தினமும் அழுகிறேன். சாப்பிடு. எனக்காகவாவது சாப்பிடு.

போர் நின்றுவிட்டது என்கிறார்கள். நம் ஊர் இனி நமக்கு இல்லை என்பதும் முடிவாகிவிட்டது. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ சொன்னபடி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வடக்கே இருக்கிறார், தபால் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு கசக்கிறது.

அவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். ரயில் ஓடத் தொடங்கியதும் வா.

வியெனோ


அலாயோகி
20 நவம்பர் 1944

அன்புள்ள ஒய்லி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? குளிருக்குத் தலையில் துணி கட்டிக்கொள். அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. நீ வருகிறாய் என்று தெரிந்ததும் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு பாதிரியாரிடம் தானே போய்க் கேட்டிருக்கிறார். "பாக்கி ஒண்ணையும் வாசிச்சிடுங்க ஐயா, பொண்ணு வர்றா" என்றாராம். அந்த மனுஷருக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்த ஞாயிறு ஆராதனைக்கு நம் ஊர் ஜனங்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதிரியார் உங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். நான் உன்னையே பார்த்தேன். நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான் எழலாமா என்றுகூடப் பாதி எழுந்தேன். நீ என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாய். பிறகு ஜனங்கள் உனக்குக் கை கொடுத்தபோது ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாய். உன் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

ஏன் ஒய்லி? அப்பாவுக்காகவா? இப்போது பாதிரியார் மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டு ஆள் அனுப்புகிறார். நான் என்ன பதில் சொல்வது?

கோபமில்லை. பயமாக இருக்கிறது.
வியெனோ


யுலிதாலோ
3 டிசம்பர் 1944

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த ரொட்டியை ரயிலில் சாப்பிட்டேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒன்று. உறை மேல் என் விலாசம் ஏமெலி அத்தான் கையெழுத்தில் இருக்கிறது. அவர் வீடு திரும்பிவிட்டார், இல்லையா? உள்ளே அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என்னிடமிருந்து இதை மறைக்காதே. உன் கதவைத் தட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், ஆனாலும் சந்தோஷம்.

நம் பாதிரியாருக்கு உண்மையை எழுதிவிட்டேன். அப்பாவிடம் கிறிஸ்துமஸுக்கு வந்து நானே சொல்கிறேன். அது என் வேலை, நீ இனிப் பொய் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு இங்கேதான் இருப்பேன். நான் எங்கே போவேன் என்று லோவீசா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பாவுக்காகவா என்று கேட்கிறாய். அப்படித்தான் என்று எழுதிவிட்டால் நல்ல பெண் என்று பெயர் கிடைக்கும். ஆனால் அது உண்மையில்லை. பாதிரியார் தாளை எடுத்ததுமே என் பெயர் வரப் போகிறது என்று புரிந்துவிட்டது. எழுந்து நிறுத்தியிருக்கலாம், நேரம் இருந்தது. அடக்கத்தன்று அவன் பெயரை எத்தனையோ பெயர்களோடு சேர்த்து வாசித்தார்கள். அவன் அம்மாவோடு, தங்கையோடு, அவன் படையோடு. என் பெயரோடு யாரும் வாசிக்கவில்லை. கல்லில் வெட்டியிருப்பதிலும் நான் இல்லை. கிவிலஹ்தியில் இரண்டு முறை வாசித்தபோதும் நான் அங்கே இல்லை. எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து, எல்லோர் முன்னாலும், உரக்க, ஒருவர் சொல்வதை என் காதால் கேட்டது அந்த ஒரு முறைதான். இனிமேல் யாரும் சொல்லப் போவதில்லை. அதை நானே எழுந்து நின்று நிறுத்துவேனா?

யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன் அக்கா. எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒய்லி